ஆக்குவோனும் அங்காடியும்

விளைவித்தவன் கையினின்று ஒரு பொருள் நுகர்வோன் கைக்குச் சென்று சேருமுன் எத்தனை கை மாறுகின்றது என்பதை நாட்டுப்புறத்திற் பிறந்தோர் இளமை தொட்டே அறிவர். எம் ஊராகிய நைனார்பாளையத்தின் சுற்றுப்புறத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. கிழங்கு முற்றும் பருவம் வந்ததும் எம் இல்லத்துத் திண்ணையில் ஆண்டுதோறும் ஒரே வினா எழும். வயலுக்கே வரும் தரகரிடம் கொடுத்துவிடுவதா? வண்டி பிடித்து ஆலைக்குக் கொண்டுபோய் நாமே எடை போடுவதா? முன்னதில் அலைச்சல் இல்லை. ஆயின் தரகு போகும். பின்னதில் தரகு மிஞ்சும். ஆயின் வண்டி வாடகையும் காத்திருப்பும் நம் தலையில் விழும். கிழங்கு விற்கும் உழவர்க்கு மட்டுமன்றி, அக்கிழங்கை மாவாக்கும் ஆலையினர்க்கும் இவ்வினா எழுந்ததுண்டு. அவர்கள் இடைவணிகரை முற்றும் நம்பியிராது, சேலத்தில் 1981-ஆம் ஆண்டு சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

எடையும் உருவமும் இல்லாத ஒரு பொருளைக் குறித்து இதே வினாவை அதே திண்ணையிற் கேட்போம் என்று யாம் எண்ணியதில்லை. கடந்த கோடை விடுமுறையில் அவ்வாறே நேர்ந்தது. எம் சிற்றப்பனார் மகன் எம்மினும் ஆறு திங்கள் இளையவன். பாலிடெக்னிக்கில் கணினித்துறை பயின்று தேறியவன். அவன் தாயார் ஆடுகளை விற்று வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் ஏழு திங்கள் இரவுப் பொழுதெல்லாம் உழைத்து, சிதறிக் கிடக்கும் தமிழெழுத்துக்களைச் சேர்த்துச் சொல்லாக்கும் சிறு விளையாட்டொன்றைச் செய்து முடித்திருந்தான். எம்மைக் கண்டதும், “அண்ணா, நீ தமிழ் படிக்கிறாய், சொற்பிழை இருந்தால் பார்த்துச் சொல். அதோடு இன்னொன்றும் சொல். இதை நானே நேரில் விற்கட்டுமா, பெரிய அங்காடியிற் போடட்டுமா?” என்று கேட்டான்.

சொற்பிழைகள் எட்டினைத் திருத்திக் கொடுத்தோம். மற்றை வினாவிற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடிய வழியில் யாம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். நம் கல்லூரி விடுதியில் கணினி விளையாட்டு வாங்காத அறைகள் மிகச் சிலவே. ஆதலின் வாங்குவோராகிய நம் அனைவர்க்கும் இவ்வினா உரியதாகும்.

இங்கு ஒன்றை முதலிலேயே தெளிவாக்குதல் நலம். விளையாட்டு என்று யாம் கூறுவது பணயம் வைத்தாடும் ஆட்டங்களையன்று. அவற்றைத் தடுக்கும் சட்டமொன்றை இந்திய நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டில் இயற்றியுள்ளது. கதையும் ஓவியமும் இசையும் கணிதமும் ஒன்றுகூட, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கப்படும் கணினி விளையாட்டுக்களையே யாம் கருதுகின்றோம். நூலுக்கு ஆசிரியன் உள்ளவாறே இவற்றிற்கும் ஆக்குவோன் உண்டு.

அங்காடியின் தோற்றம்

முன்னர் இவ்விளையாட்டுக்கள் வட்டில் அடைக்கப்பட்டுக் கடைகளில் விலைபோயின. வட்டினைப் பதித்தவர், பெட்டியிலிட்டவர், கப்பலேற்றியவர், கடையில் அடுக்கியவர் என ஒவ்வொருவரும் தத்தம் பங்கினை எடுத்துக்கொள்ள, எஞ்சியதே ஆக்குவோனை அடைந்தது. இணையம் பரவிய பின்னர் வட்டும் பெட்டியும் வேண்டாதனவாயின. விளையாட்டு வெறுங் கோப்பாக வந்து கணினியில் இறங்கிற்று. இனி ஆக்குவோனுக்கும் ஆடுவோனுக்கும் இடையில் எவரும் இரார் என்று எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. பழைய கடைகள் மறைந்த இடத்தில் அவற்றினும் பன்மடங்கு பெரிய புதுக்கடைகள் எழுந்தன.

அமெரிக்காவின் வால்வ் என்னும் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் ஸ்டீம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. தான் ஆக்கிய விளையாட்டுக்களுக்கு அவ்வப்போது திருத்தங்களை அனுப்புவதே அதன் முதல் நோக்கம். 2005-ஆம் ஆண்டில் பிறர் ஆக்கியவற்றையும் அதன் வாயிலாக விற்கலாயிற்று. இன்று கணினி விளையாட்டு வாங்குவோருட் பெரும்பாலோர் முதலில் நாடுவது அவ்வங்காடியையே. கைப்பேசிக்கு 2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனமும், அவ்வாண்டு அக்டோபரில் கூகிள் நிறுவனமும் அங்காடிகளைத் திறந்தன. கூகிள் தன் அங்காடிக்குப் பிளே என்று பெயரிட்டது 2012-ஆம் ஆண்டில்.

இவ்வங்காடிகள் தொடக்கத்திற் கொண்ட தரகு பெரும்பாலும் ஒரே அளவினது, நூற்றுக்கு முப்பது. அஃதாவது 300 ரூபாய்க்கு ஒரு விளையாட்டு விலைபோனால், வரிக்கணக்கு நீங்க, 90 ரூபாய் அங்காடிக்கும் 210 ரூபாய் ஆக்குவோனுக்கும் ஆகும். காலப்போக்கில் இதிற் சில தளர்வுகள் தோன்றின. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டீம், ஒரு விளையாட்டின் வருவாய் ஒரு கோடி டாலரைக் கடந்தால் அதற்குமேல் 25 விழுக்காடும், ஐந்து கோடி டாலரைக் கடந்தால் 20 விழுக்காடும் போதும் என்றது. தளர்வு பெரியோர்க்கே கிட்டியது. சிறியோன் முப்பதையே செலுத்தினான். அவ்வாண்டு டிசம்பரில் எபிக் நிறுவனம் 12 விழுக்காட்டுத் தரகுடன் போட்டி அங்காடி ஒன்றைத் திறந்தது. 2025 ஜூன் முதல், ஒரு விளையாட்டு ஓராண்டில் ஈட்டும் முதற் பத்து இலட்சம் டாலருக்குத் தரகே இல்லை என்றும் அது அறிவித்தது. ஆப்பிளும் கூகிளும் 2021-ஆம் ஆண்டில், சிறிய வருவாயினர்க்குத் தரகை 15 விழுக்காடாகக் குறைத்தன.

தரகு கொடுத்துப் பெறுவது யாது?

முப்பது விழுக்காடு என்றதும் அதனைக் கொள்ளை என்று கூறிவிடுதல் எளிது. எம் தந்தையார் கிழங்குத் தரகரைப் பற்றி அவ்வாறு கூற யாம் கேட்டதில்லை. “அவன் ஆள் கொண்டுவருகிறான்; வண்டி கொண்டுவருகிறான்; மழையில் கிழங்கு அழுகுமுன் பணம் தருகிறான். அவனுக்கும் கூலி உண்டு” என்பார். அம்முறையிலேயே அங்காடியின் கூலியையும் எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, கூட்டம். வாங்கும் எண்ணத்துடன் வருவோர் நாள்தோறும் நிறைந்திருக்கும் இடத்தில் சரக்கை வைப்பதற்கு ஈடு வேறில்லை. இரண்டாவது, சுமை. பெரிய விளையாட்டின் கோப்பைப் பல நாட்டார்க்கும் ஒரே நாளில் அனுப்புவதும், திருத்தம் வருந்தோறும் மீண்டும் அனுப்புவதும் பெருஞ்செலவு. அதனை அங்காடியே ஏற்கின்றது. மூன்றாவது, பணம் பெறும் வசதி. ஸ்டீம் 2015-ஆம் ஆண்டு முதல் இந்தியர்க்கு ரூபாயிலேயே விலை குறிக்கின்றது. கூகிளின் அங்காடியில் யு.பி.ஐ. வழியே பணம் செலுத்தலாம். நேரே விற்கும் அயல்நாட்டு ஆக்குவோர் பலர் டாலரில் விலை கூறுவர். நம்மவர் பலர் வைத்திருக்கும் வங்கி அட்டைகள் அங்கே செல்வதில்லை. வாங்க விரும்பியும் வாங்கவொண்ணாது திரும்பிய அனுபவம் எமக்கும் உண்டு.

நான்காவது, வாங்கினோர்க்குப் பாதுகாப்பு. ஸ்டீமில் வாங்கியது மனத்துக்கு ஒவ்வாவிடின், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருப்பின், பணத்தைத் திரும்பப் பெறலாம். இவ்விதி வாங்குவோர்க்கு நன்மையே. ஆயினும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் சிறு விளையாட்டைச் செய்தவன் நிலை யாது? ஆடி முடித்துவிட்டே பணத்தைத் திரும்பக் கேட்போரும் உளர் என்பது சிறிய ஆக்குவோர் கூறும் குறை.

ஐந்தாவது, நம்பிக்கை. கல்வராயன் மலைத் தேன் என்று கூவி வெல்லப்பாகு விற்போரும் நம் பக்கத்தில் உண்டல்லவா? மலையினின்று கொணர்வோரை நேரே அறிந்தவர்க்கு அவ்வச்சம் இல்லை. அறியாதவர் கடையை நம்பியே வாங்குவர். முகமறியாப் பக்கத்தினின்று இறக்கும் கோப்பில் தீநிரல் ஒளிந்திருத்தலும் கூடும். திருடிய அட்டையால் வாங்கிய உரிமக் குறியீடுகளை மலிவு விலைக்கு மறுவிற்பனை செய்வோரும் இணையத்தில் உண்டு. அத்தகையோரிடம் வாங்குவது நேரே வாங்குவதாகாது; தரகினும் தீயதொரு தரகிற்கு ஆளாவதேயாம்.

நேர்விற்பனையின் நெறி

ஆக்குவோனிடம் நேரே வாங்கும் வழக்கம் தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் அச்சாகி முடியுமுன்பே வாங்க உடன்பட்டோரிடம் கையொப்பம் பெற்று அச்சுச் செலவிற்கு வழி தேடினார். அன்று கையொப்பமிட்டோர் வாங்கியது ஒரு பிரதியை மட்டுமன்று. அந்நூல் வெளிவருதலையே வாங்கினர் எனலாம். இக்காலத்தில் இணையத்தின் வாயிலாக முன்பணம் திரட்டி விளையாட்டு ஆக்குவோர் செய்வதும் இதனையொத்ததே.

சுவீடன் நாட்டு மார்க்குஸ் பெர்சன் என்பார் 2009-ஆம் ஆண்டில் மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டை, அது முற்றுப்பெறாத நிலையிலேயே தம் சொந்த இணையப் பக்கத்தில் விற்கத் தொடங்கினார். முன்னே வாங்கினோர்க்கு விலை குறைவு. அவர்கள் கொடுத்த பொருளைக் கொண்டே விளையாட்டு வளர்ந்தது. ஸ்டீம் அங்காடியில் ஏறாமலே அஃது உலகெங்கும் பரவிற்று. 2014-ஆம் ஆண்டில் அவர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. நேர்விற்பனையின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்றே. ஆயினும் ஒருவன் புதையல் கண்டான் என்று ஊரார் யாவரையும் தத்தம் நிலத்தைத் தோண்டச் சொல்லலாமோ?

தனிப்பக்கத்திற்கும் பேரங்காடிக்கும் இடைப்பட்டதொரு வழியும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் லீஃப் கோர்கரன் என்பார் இட்ச்.ஐஓ என்னும் தளத்தைத் தொடங்கினார். அங்கே தரகு எவ்வளவு என்பதை ஆக்குவோனே குறிக்கலாம். ஒன்றும் குறியாவிடின் நூற்றுக்குப் பத்து. ஒன்றுமே கொடாதிருக்கவும் உரிமை உண்டு. வாங்குவோன் விரும்பினால், குறித்த விலைக்கு மேலும் கொடுக்கலாம். தமிழக அரசு 1999-ஆம் ஆண்டில் தொடங்கிய உழவர் சந்தையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டா. அங்கும் உழவன் தன் காயைத் தானே விற்கின்றான். ஆயினும் இடமும் எடைக்கல்லும் வருவோர் கூட்டமும் பொதுவில் அமைந்துள்ளன. தனித்து நிற்றலன்று நேர்விற்பனை. சந்தைக்குள்ளும் தன் பொருளுக்குத் தானே உரியவனாய் நிற்றலே அது. முன்னர்க் கூறிய 300 ரூபாய் விளையாட்டு அத்தளத்தில் பத்து விழுக்காட்டுத் தரகில் விலைபோனால், பணம் கைமாற்றும் கட்டணமும் வரியும் நீங்க, ஆக்குவோனுக்கு 270 ரூபாய் ஆகும். நூறு பேர் வாங்கினால் இரு வழிகளுக்கும் உள்ள வேற்றுமை 6,000 ரூபாய். பெரு நிறுவனத்திற்கு இது தூசு. எம் சிற்றன்னையார்க்கு ஓர் ஆட்டின் விலை.

ஸ்டீமிலேயே இன்னொரு வாயிலும் உண்டு என்பதைப் பலர் அறியார். அங்கே விற்கும் ஆக்குவோன், தன் விளையாட்டிற்குரிய திறவுக் குறியீடுகளைப் பெற்றுத் தன் பக்கத்தில் நேரே விற்கலாம். அவ்விற்பனையில் வால்வ் பங்கு கேட்பதில்லை. ஸ்டீமில் வாங்குவோர்க்குத் தாழ்ந்த பேரம் அளித்தல் கூடாது என்பதே முதன்மையான நிபந்தனை. எனவே வாங்கும் நாம் ஆக்குவோனின் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தல் தகும். விலை ஒன்றாயினும் அது சென்று சேரும் கை வேறாகலாம்.

வெண்பா தரும் பாடம்

வெண்பா என்றவுடன் எம் வகுப்பினர்க்கு ஈற்றடியும் தளையும் நினைவுக்கு வரும். அப்பெயரிலேயே ஒரு கணினி விளையாட்டு உளது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் ஆக்கி, 2023 ஜூலை 31-ஆம் நாள் வெளியிட்டது அது. 1980-களில் கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தன் அன்னையின் சமையற் குறிப்பேடு சிதைந்து எழுத்துக்கள் மறைந்திருக்க, இட்டலியும் புட்டும் பிறவும் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை ஆடுவோர் உய்த்துணர்ந்து சமைத்தல் வேண்டும். பெற்றோர் தமிழிற் பேசுவதும், வளர்ந்த மகன் அம்மொழியை நழுவ விடுவதும் கண்டு கலங்காத தமிழர் இரார். 2024-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதன்முயற்சி விளையாட்டுக்கென வழங்கும் பரிசும், தற்சார்பு விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் அதற்குக் கிட்டின.

இவ்விளையாட்டு ஸ்டீம் முதலிய பேரங்காடிகளில் ஏறி, எக்ஸ்பாக்ஸ் சந்தாத் திட்டத்திலும் முதல் நாளிலேயே இடம்பெற்றது. ஆக்குவோர் பெயரை முன்னர்க் கேட்டிராத எண்ணிறந்தோர் கண்ணில் அது பட்டமைக்கு அவ்வங்காடிகளும் ஒரு காரணம் என்பதை மறுத்தலாகாது. இட்டலி இன்னதென்றறியாத ஒருவன் வெண்பா என்னும் பெயரைத் தானாகத் தேடிச் செல்வது எங்ஙனம்? தேடாதவன் கண்ணிலும் ஒரு பொருளைக் காட்டுதலே அங்காடியின் பேருதவி. சிறுபான்மையோர் மொழியில், சிறுபான்மையோர் வாழ்வைக் கூறும் ஆக்கங்கட்கு இவ்வுதவி பின்னும் இன்றியமையாதது.

வாயிற்காவலின் அதிகாரம்

இனி மறுபுறத்தை நோக்குவாம். வாயில் காட்டுவோன் வாயிலை அடைக்கவும் வல்லவன்.

2020 ஆகஸ்டு 13-ஆம் நாள், எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில், ஆடுவோர் தனக்கே நேரில் பணம் செலுத்தும் வழியைக் குறைந்த விலையுடன் திறந்தது. அன்றே ஆப்பிளும் கூகிளும் அவ்விளையாட்டைத் தத்தம் அங்காடியினின்று நீக்கின. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அமெரிக்காவில் ஆப்பிளின் அங்காடிக்குள் அது மீண்டும் வந்தது 2025 மே மாதத்திலேதான். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாயிலுக்கு வெளியே நின்று வழக்காடும் செல்வம் எபிக்கிற்கு இருந்தது, ஏனையோர்க்கு உண்டோ?

நம் நாட்டிலும் இப்பூசல் நிகழ்ந்துளது. கூகிள், தன் அங்காடியில் விற்பவர் தன் கட்டண முறையையே கைக்கொள்ள வேண்டும் என வற்புறுத்தியது பற்றி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25-ஆம் நாள் 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதனை 216.69 கோடியாகக் குறைத்தது. இதற்கிடையில் கூகிள் வேறு கட்டண முறைகளுக்கும் இடமளித்தது. ஆனால் அவ்வழியே செலுத்துவோர்க்குத் தரகில் நான்கு விழுக்காடு மட்டுமே கழித்தது. வண்டியை நீயே கொண்டுவரலாம், ஆயினும் தரகிற் பெரும்பங்கைக் கொடு என்பது போன்றது இது. 2024 மார்ச் முதல் நாள், கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி இந்திய நிறுவனங்கள் பத்தின் செயலிகளைக் கூகிள் நீக்கத் தொடங்கியது; சென்னையிலுள்ள மேட்ரிமோனி நிறுவனத்தின் திருமணச் செயலிகளும் அவற்றுள் அடங்கும். நடுவண் அரசு தலையிட, சில நாட்களில் அவை மீண்டும் ஏறின. இவை விளையாட்டல்ல எனினும், வாயில் ஒன்றேயாதலின் விளையாட்டிற்கும் இவ்விதியே பொருந்தும். தம் சேவைக்குக் கூலி கேட்கக் கூகிளுக்கு உரிமை உண்டு. பிற வழி குறுகிய இடத்தில் அக்கூலியை யார் அறுதியிடுவது என்பதே வழக்கு.

வாங்குவது பொருளா, இசைவா?

இதுகாறும் விற்போனைப் பற்றிக் கூறினோம். வாங்குவோன் பெறுவது யாது? வட்டு வாங்கியவன் அதனைப் பெட்டியில் வைத்திருந்தான், நண்பனுக்குக் கொடுத்தான், பழைய விலைக்கு விற்றான். ஸ்டீம் முதலிய அங்காடிகளில் பணம் கொடுத்து நாம் பெறுவது பொருளன்று. ஆடுவதற்கு இசைவு மட்டுமே என்று அவற்றின் உடன்படிக்கையே கூறுகின்றது. அதனைப் படிப்போர் அரியர். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இவ்வுண்மையை வாங்குவோர்க்கு விளங்கக் கூறாமல் “வாங்குக” என்னும் சொல்லை இடுதல் கூடாது என்கின்றது.

எமக்கு இவ்வுண்மை பட்டறிவால் விளங்கிற்று. பள்ளியிற் பயின்ற காலத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அத்தை அளித்த பணத்தைக் கொண்டு, ஓர் அங்காடியில் விளையாட்டொன்றை வாங்கினோம். பின்னர்க் கைப்பேசி எண் மாறிற்று. பழைய எண்ணிற்குச் செல்லும் குறியீடின்றிக் கணக்குத் திறக்கவில்லை. எழுதிய மடல்களுக்கு இயந்திரமே விடை கூறிற்று. விளையாட்டு இன்றும் அங்கேதான் இருக்கின்றது, எமக்கில்லை. இதற்கு மாறாக, சிறிய ஆக்குவோர் ஒருவரிடம் நேரே வாங்கிய கோப்பொன்றை ஒரு பேனா அளவுச் சேமிப்பானில் இட்டு வைத்தோம். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் இணையம் இரண்டு நாள் அற்றிருந்தபோது, தம்பி தங்கையரை ஓரிடத்தில் அமர்த்தியது அக்கோப்பே.

ஆயினும் நேரே வாங்கியதனாலேயே பொருள் நமதாகிவிடும் என்று எண்ணுதல் பிழை. பூட்டினை இடுவோர் பல வேளைகளில் ஆக்குவோரே. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட தி குரூ என்னும் விளையாட்டு, அந்நிறுவனத்தின் கணினியோடு தொடர்பின்றி இயங்காதவாறு அமைந்திருந்தது. 2024 மார்ச் 31-ஆம் நாள் அத்தொடர்பை நிறுவனம் நிறுத்தியதும், அங்காடியில் வாங்கினோர், வட்டாக வாங்கினோர் எல்லார்க்கும் அஃது ஒருங்கே மாய்ந்தது. மறுதலையாக, 2008-ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஜி.ஓ.ஜி. என்பது ஓர் அங்காடியே. எனினும் அங்கு வாங்கும் விளையாட்டின் நிறுவற் கோப்பினைப் பூட்டின்றி இறக்கி நம்மிடமே வைத்துக்கொள்ளலாம். ஆகவே நேர்விற்பனை, அங்காடி விற்பனை என்னும் பிரிவு ஒன்று. பூட்டியது, பூட்டாதது என்னும் பிரிவு மற்றொன்று. முன்னது நம் பணம் எவர்க்குச் செல்கின்றது என்பதைக் காட்டும்; பின்னது நம் கையில் எஞ்சுவது யாது என்பதைக் காட்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலேயே இப்பொருள் பற்றிய வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

திண்ணையில் எய்திய முடிவு

இவற்றையெல்லாம் விடுமுறை முடியுமுன் எம் தம்பிக்கு எடுத்துரைத்தோம். எம் தந்தையாரும் கேட்டிருந்தார். “பெரியப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று அவன் வினவ, அவர் சிறிது நேரம் எண்ணி, “தம்பி, தரகு கொடுப்பது தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு. வேறு வழியே இல்லாமல் கொடுப்பது அதைவிடத் தப்பு. எந்த வருஷமும் கிழங்கு முழுவதையும் ஒருவனுக்கே நான் கொடுத்ததில்லை” என்றார்.

அவ்வுரையே எம் ஆராய்ச்சியின் முடிபுமாகும். அவன் தன் விளையாட்டைப் பூட்டின்றி இட்ச்.ஐஓ தளத்தில் வைத்தான். நம் பக்கத்துச் சிறுவர்க்குக் கணினி இல்லை, வீட்டுக் கைப்பேசியே உண்டு என்பதனாலும், வெளியினின்று இறக்கும் செயலியை அறியா இடத்தது என்று கைப்பேசி எச்சரிப்பதனாலும், 25 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்திக் கூகிளின் அங்காடியிலும் ஏற்ற முயல்கின்றான். ஒரு விளையாட்டிற்கு 100 டாலர் வாங்கி, 1,000 டாலர் விற்ற பின்னரே அதனைத் திருப்பும் ஸ்டீமை இப்போதைக்கு நினைக்கவில்லை.

வாங்கும் நாம் செய்யத்தக்கவை சிலவே. அங்காடியிற் கண்ட விளையாட்டு மனத்திற்கு உகந்ததாயின், விலை கொடுக்குமுன் ஆக்குவோனின் பக்கம் உளதா என்று பார்ப்போமாக. அங்கு நேரே விற்பனை உண்டாயின், பக்கம் உண்மையானதென்று தெளிந்து அங்கேயே வாங்குவோமாக. சிறிய ஆக்குவோனாயின் இது மிகவும் வேண்டற்பாலது. பூட்டின்றிக் கிடைப்பதையே முற்படத் தெரிந்து, அதன் படியொன்றைத் தனியே சேமிப்போமாக. திரும்பப் பெறும் உரிமையும் ரூபாய் விலையும் வேண்டுமிடத்து அங்காடியில் வாங்குதல் இழுக்கன்று. ஆயின் வாங்கியது இசைவே என்பதை மறவாதிருப்போமாக. திருட்டுப் படிக்கும் களவுக் குறியீட்டிற்கும் ஒருகாலும் கைநீட்டாதிருப்போமாக.

இக்கட்டுரை எழுதும் நாள் வரை எம் தம்பியின் விளையாட்டைப் பதினொருவர் வாங்கியுள்ளனர். அவருள் எழுவர் உறவினர்; இருவர் எம் அறைத்தோழர். எஞ்சிய இருவர் யாவரென அவனுக்கும் தெரியாது. அவருள் ஒருவர் குறித்த விலைக்கு இருமடங்கு கொடுத்து, ஒன்பதாவதாக ஒரு சொற்பிழையையும் சுட்டி எழுதியிருந்தார். திருத்தியது யாமாகலின் வெட்கம் எமக்கே. எம் தம்பியோ அம்மடலைத் தன் தாயார்க்கு இருமுறை படித்துக் காட்டினான்.